சித்திரம் பயில்வோரும் பயிற்சியேடும்

கலைகள் அறுபத்துநான்கு என்று நம் முன்னோர் வகுத்தனர். அவற்றுள் சித்திரமும் ஒன்று. இசையைக் கேட்டு மகிழச் சபையுண்டு, நாடகத்துக்கு அரங்குண்டு, சொல்வன்மையை வளர்க்க நம் கல்லூரியிலேயே மன்றமுண்டு. சித்திரம் பயிலும் மாணாக்கனுக்கோ தன் பயிற்சியை எடுத்துக்காட்ட ஓர் இடமும் இல்லை. அவனுடைய ஏடு பெட்டியின் அடியிற் கிடக்கிறது. முடிவுற்ற படம் ஒன்றிரண்டைச் சுவரில் மாட்டிய நாளில் நாம் சென்று பார்த்து, 'அழகாயிருக்கிறது' என்று ஒரு சொற் சொல்லி மீள்கிறோம். அந்த ஒரு படத்துக்காக எத்தனை தாள்கள் கரியால் நிறைந்தன, எத்தனை முறை கோடுகள் அழிக்கப்பட்டு மீண்டும் எழுதப்பட்டன என்பதை நாம் வினவுவதுமில்லை, அவன் சொல்வதுமில்லை.

இவ்வழக்கம் நன்றன்று என்பதே யாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்த கருத்து. சித்திரம் பயில்வோர் தம் பயிற்சியேட்டையும், தம் உள்ளத்தில் முதன்முதல் எழும் ஆசைகளையும் மறையாது பிறர்முன் வைத்தல் வேண்டும். கற்றோர் அவற்றைப் பொறுமையோடு நோக்குதல் வேண்டும். இவ்விரண்டும் நிகழாமையால் எத்தனையோ இளங்கைகள், எழுதத் தொடங்கிய பருவத்திலேயே எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றன.

பொதுவாகப் பேசிச் செல்வதினும் ஓரிடத்தை மனத்துட்கொண்டு ஆராய்தல் பயன்தரும். தருமபுரி நகரினின்றும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்துக்கு 3,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்பது வத்தல்மலை. பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு முதலிய சிற்றூர்கள் அதன் மேற் பரந்து கிடக்கின்றன. அங்கு வாழ்வோரிற் பெரும்பாலார் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரொற்றுமை கண்டு அவரைக் கேரள நாட்டாரென மயங்குதல் கூடாது. அவர் பேசுவது தமிழே. கேழ்வரகும் சாமையும் அவர்தம் பழம்பயிர்கள். காப்பியும் மிளகும் பின்வந்தவை. வண்டிகள் ஏறத்தக்க நல்ல பாதை அம்மலைக்கு அமைந்தது இந்நூற்றாண்டிலேதான். அதற்குமுன் விளைபொருளைச் சந்தைக்குக் கொணர்வதும், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும் பெரும்பாடாயிருந்தன.

இம்மலையில் ஒரு சிறுமி, வீட்டுச் சுவரிற் கரிக்கட்டி கொண்டு ஆட்டையும் பலாமரத்தையும் எழுதுகிறாள் என்று கொள்வோம். கோடுகள் உயிருடையன, ஆட்டின் கழுத்து வளைந்த விதத்தை அவள் கண் நன்கு கண்டுள்ளது. சுவர் கெட்டதென்று தாய் கடிந்துகொள்வாள். பள்ளியிலோ, கணக்கேட்டின் ஓரத்தில் ஆடு ஏன் வந்ததென்று வினா எழும். 'நீ இதை எங்ஙனம் கண்டாய்? இன்னும் ஒன்று எழுதிக் காட்டு' என்று கேட்பார் யார்? இவ்வொரு வினாவைக் கேட்பார் இன்மையே அவளுடைய கலைக்கு நேரும் முதற்கேடு.

இது தாயின் குற்றமன்று; ஆசிரியரின் குற்றமுமன்று. 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற குழந்தைகளின் கல்வி உரிமைச் சட்டம், கலைக்கல்விக்கென்று பகுதிநேர ஆசிரியர் வேண்டுமென்று தன் அட்டவணையில் விதித்துள்ளது. ஆயின் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 100-க்கு மேற்பட்ட பிள்ளைகள் பயிலும் பள்ளிகளுக்கே அவ்விதி பொருந்தும். அச்சட்டத்தையொட்டித் தமிழ்நாட்டரசு 2012-ஆம் ஆண்டில் ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் முதலியவற்றுக்கென 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியரை நியமித்தது. நகரத்துப் பெரிய பள்ளி இவ்வெண்ணை எளிதில் எட்டும். பத்துப் பதினைந்து வீடுகள் ஓரிடத்தும், இருபது முப்பது வீடுகள் வேறோரிடத்துமாகச் சிதறிக்கிடக்கும் மலையூர்களின் சிறு பள்ளி எங்ஙனம் எட்டும்? பிள்ளைகளின் தொகை குறைவென்பதற்காக அவர்தம் கண்ணின் கூர்மையும் குறைந்துவிடுமோ? சட்டம் தலைகளை எண்ணுகிறது. கலையோ எண்ணிக்கை பார்த்துப் பிறப்பதில்லை. சட்டம் விட்ட இடத்தைக் கற்றோரின் அன்பு நிரப்புதல் வேண்டும் என்பது எம் துணிபு.

சித்திரப் பயிற்சி என்பது யாது என்று சிறிது காண்போம். நம் மாகாணத்தில் இக்கலைக்கெனத் தோன்றிய பள்ளிகளுட் பழமையானது, 1850-ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் தொடங்கியது. 1852-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அது சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியென விளங்குகிறது. தொடக்கக் காலத்தில் அங்கு மாணாக்கர்க்கு வாய்த்த பயிற்சி பெரும்பாலும் பார்த்தெழுதுதலே. சாந்தில் வார்த்த மேனாட்டு உருவங்களையும், கொடிக்கோலங்களையும் அளவு பிசகாமல் எழுதல் வேண்டும். தொழிற்சாலைக்கும் கட்டட வேலைக்கும் வேண்டிய கைவினைஞரை உண்டாக்குவதே அன்றைய நோக்கம்.

1929-இல் தேவிபிரசாத் ராய் சவுத்ரி அப்பள்ளியின் தலைமையை ஏற்றார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. அவர் காலத்தில் மாணாக்கர் உயிருள்ள மனிதரை முன்னிருத்தி எழுதவும், வெளியே சென்று மரத்தையும் தெருவையும் கடற்கரையையும் நேரிற் கண்டு எழுதவும் ஊக்குவிக்கப்பட்டனர். சென்னைக் கடற்கரையில் 1959-ஆம் ஆண்டு முதல் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் ஆக்கியதே. பாறையொன்றைப் பெயர்க்க முயலும் நால்வரின் முதுகும் தோளும் காலும் அங்ஙனம் அமைந்தமைக்குக் காரணம், உழைக்கும் உடம்பை நெடுநாள் நோக்கி நோக்கிப் பழகிய கண்ணேயன்றோ?

பார்த்தெழுதுதல் வீண் என்று யாம் சொல்லவில்லை. கைக்கு அடக்கம் வருவதற்கு அதுவும் வேண்டும். அரசு நடத்தும் ஓவியத் தொழில்நுட்பத் தேர்வுகளில் கீழ்நிலை, மேல்நிலை என இரு படிகள் வைக்கப்பட்டிருப்பதும் கை படிப்படியாகத் திருந்தற்பொருட்டே. சித்திரம் பழக்கத்தால் வருவதென்பது நம் நாட்டிற் சிறுபிள்ளையும் அறிந்த மொழி. ஆயினும் பழக்கம் இருவகைப்படும். தனித்திருந்து பழகுவது ஒன்று. பிறர் கண்ணுக்கு உட்பட்டுப் பழகுவது மற்றொன்று. தனித்துப் பழகுவோன் தன் பிழையையே பழகிவிடுதலும் உண்டு. ஏட்டைக் காட்டிப் பழகுவோனுக்கு அவ்வச்சமில்லை.

இதற்கு மேனாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ஒல்லாந்து நாட்டினராகிய வின்சென்ட் வான் கோ 1879-ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஏழைத் தொழிலாளரிடையே சமயப்பணி செய்துவந்தார். அப்பணி நிலைக்கவில்லை. 1880-இல், தம் 27-ஆம் வயதில், சித்திரமே தம் தொழிலெனத் துணிந்தார். நல்லாசான் அருகில் இல்லை, கையிற் பொருளுமில்லை. சார்லஸ் பார்க் என்பார் மாணாக்கருக்கென வெளியிட்ட பயிற்சித் தாள்களைக் கடன்வாங்கி, அவற்றை ஒருமுறையன்று, பன்முறை பார்த்தெழுதினார். அவர் செய்த மற்றொரு செயல் நம் கருத்துக்குப் பெரிதும் வேண்டற்பாலது. தாம் அன்றன்று எழுதியவற்றையும், எழுத முடியாமல் இடர்ப்பட்டவற்றையும், இனி எழுத நினைப்பவற்றையும் தம் தம்பி தியோவுக்குக் கடிதமாக வரைந்துகொண்டே இருந்தார். கடிதத்தின் நடுவே சிறு படங்களும் இருக்கும். தம்பிக்கு அவர் எழுதிய கடிதங்களுள் 600-க்கும் மேற்பட்டவை இன்றும் கிடைக்கின்றன.

1885-இல் அவர் 'உருளைக்கிழங்கு உண்போர்' என்னும் படத்தை எழுதுமுன் குடியானவரின் தலைகளையும் கைகளையும் மாதக்கணக்காக எழுதிப் பழகினார். அவர் 1890-இல் மறைந்தபோது உலகம் அவரை அறியாது. ஆயினும் அவருடைய பயிற்சியை முதல்நாள் தொட்டு அறிந்த ஒருவர் இருந்தார். பொருளுதவியினும் அவ்வொரு கண்ணே அவரைப் பத்தாண்டு நிலைநிறுத்தியது என்று சொல்லுதல் மிகையாகாது. வத்தல்மலைச் சிறுமிக்கு வேண்டுவதும் ஒரு தியோவே.

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் துறையூரை அடுத்த கீராம்பூர் என்னும் சிற்றூரில் 1938-இற் பிறந்தவர் கே.எம். ஆதிமூலம். குடியானவர் ஊரினின்றும் சென்னைக்கு வந்து, சிற்பி எஸ். தனபாலின் ஆதரவைப் பெற்று, 1960-களில் சென்னைக் கலைக்கல்லூரியிற் பயின்றார். 1969-இல் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்கள் அவரை நாடறியச் செய்தன. மையும் கோடுமன்றி வேறு வண்ணமில்லாத படங்கள் அவை. பின்னர்த் தமிழ் இதழ்களிலும் நூல்களின் அட்டைகளிலும் அவர் கோடு புகுந்து, அருங்காட்சியகத்தை ஒருநாளும் மிதியாத வாசகர் கையிலும் நவீன ஓவியத்தைக் கொண்டு சேர்த்தது. சிற்றூரிற் பிறந்தமை அவருக்குத் தடையாகவில்லை. அவர் ஏட்டை விரித்துப் பார்க்கத் தனபால் போன்ற ஓர் ஆசிரியர் இருந்தமை துணையாயிற்று.

இனி எம் கருத்துக்கு மாறாக எழக்கூடிய தடைகளைக் காண்போம். முதிராத வேலையைப் பலர்முன் வைத்தால் புகழ்மொழி மாணாக்கனைக் கெடுக்கும், இகழ்மொழி அவனை ஒடிக்கும் என்பர் சிலர். இதில் உண்மையுண்டு. 'நீ பெரிய ஓவியன் ஆவாய்' என்று பத்துவயதுப் பிள்ளையிடம் சொல்லுவோர் அப்பிள்ளைக்கு நன்மை செய்தாரல்லர். 'இது மரமா, துடைப்பமா?' என்று நகைப்போர் அதனினும் தீமை செய்தார். ஆனால் இத்தீங்கு காட்டுவதனால் வருவதன்று. காண்போருக்குக் காணத் தெரியாமையால் வருவது. பயிற்சியேட்டைப் பார்ப்பவர் புகழவும் வேண்டா, இகழவும் வேண்டா. நேற்று எழுதிய கையையும் இன்று எழுதிய கையையும் அருகருகே வைத்து, எங்கே கோடு துணிந்து சென்றது, எங்கே தயங்கிற்று என்று கேட்டாற் போதும். அங்ஙனம் கேட்கும் வழக்கம் பரவுமாயின், மாணாக்கனுக்குப் பயன் ஒருபுறமிருக்க, நமக்கே படம் பார்க்கும் பயிற்சி உண்டாகும். நம் கல்லூரிகளில் நூல்களைத் திறனாயக் கற்கிறோம். படத்தின் முன் நின்றால் 'அழகு' என்னும் ஒரு சொல்லன்றி வேறு சொல் நமக்கு வருவதில்லை. இது நம் கல்வியிலுள்ள குறையன்றோ?

இரண்டாவது தடை வயிற்றைப் பற்றியது. மலைமேற் பாடுபட்டுப் பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோர், 'படம் எழுதினாற் சோறு வருமா?' என்று கேட்பதை எள்ளி நகைக்கும் உரிமை நமக்கில்லை. அக்கேள்விக்கு நேர்மையான விடை கூறவேண்டும். ஓவியத்தை நம்பிச் செல்வோர் எல்லாரும் வளம் பெறுவாரென்று உறுதி சொல்ல ஒண்ணாது. ஆயினும் வழி முற்றும் அடைபட்டதுமில்லை. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. மாமல்லபுரத்தில் 1957-ஆம் ஆண்டு முதல் சிற்பக் கல்லூரி நடைபெறுகிறது. மேனிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவர் நான்காண்டுப் பட்டப்படிப்பில் ஓவியம், சிற்பம், சுடுமண் கலை, நெசவு வடிவமைப்பு, அச்சோவியம், காட்சித்தொடர்பு முதலியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து பயிலலாம். இவற்றுட் சில நேரே தொழிலுக்கு வழிகாட்டுவன. இச்செய்தி நகரத்துப் பெற்றோருக்குத் தெரியும். மலைமேல் இருப்போர்க்குச் சொல்லுவார் யார்?

கலையும் கைத்தொழிலும் ஒன்றையொன்று தாங்கும் என்பதற்கும் சான்றுண்டு. கே.சி.எஸ். பணிக்கர் 1911-இற் கோயம்புத்தூரிற் பிறந்தவர். பிழைப்புக்காக வேறு வேலைகள் பார்த்தபின், 1936-இல், தம் 25-ஆம் வயதிலேதான் சென்னைக் கலைப்பள்ளியில் மாணாக்கராகச் சேர்ந்தார். 1957-இல் அப்பள்ளிக்கே தலைவரானார். தம்மிடம் பயின்றோர் பட்டம் பெற்றபின் பிழைப்பின்றிக் கலையைக் கைவிடுவதைக் கண்டு வருந்தினார். ஆகவே அவரும் அவர்தம் மாணாக்கரும் துணியில் மெழுகுச்சாயம் தீட்டுதல் முதலிய கைவினைகளைச் செய்து விற்று, அவ்வருவாயின் துணையால் 1966-இல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். கைத்தொழில் செய்தலை அவர் இழிவென்று எண்ணவில்லை. ஒருவருடைய வேலையை மற்றவர் நாள்தோறும் காணும்படி அடுத்தடுத்து வீடமைத்து வாழ்ந்தனர் என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். யாம் வற்புறுத்தும் கருத்து அங்கே ஓர் ஊராகவே உருப்பெற்றது.

முதல் ஆசைகளைப் பற்றியும் ஒரு சொல். இளம் மாணாக்கனை 'நீ என்னவாக விரும்புகிறாய்?' என்று கேட்டால், பெரும்புகழ் பெற்ற ஓவியரின் பெயர் ஒன்றைச் சொல்லி, அவரைப்போல் ஆக வேண்டுமென்பான். அது குற்றமன்று. ஆனால் அவ்வாசை ஏட்டில் இறங்குதல் வேண்டும். 'இவ்வாண்டுக்குள் ஓடும் ஆட்டை எழுதக் கற்பேன். மூடுபனிக்குள் மரம் மறையும் விதத்தை எழுதக் கற்பேன். கேழ்வரகு அறுக்கும் என் பாட்டியின் கையை எழுதக் கற்பேன்' என்று ஆசையைச் சிறு சிறு வேலைகளாகப் பிரித்து எழுதி வைப்பவனே முன்னேறுவான். அங்ஙனம் எழுதி வைத்ததைப் பிறர் அறிந்தால், அவனுக்கே ஒரு கடப்பாடு பிறக்கும்.

வத்தல்மலைப் பிள்ளைக்கு இத்தகைய பாடங்கள் வாசலிலேயே உள்ளன. காலையில் மலையைப் போர்த்திக் கிடக்கும் பனி, வெண்மைக்குள் எத்தனை வெண்மை என்று கற்பிக்கும். மரத்தைப் பற்றியேறும் மிளகுக்கொடி, கோடு எங்ஙனம் தழுவிச் செல்ல வேண்டுமென்று காட்டும். காப்பிப் பழம் பச்சையினின்றும் சிவப்புக்குச் செல்லும் நாள்கள் வண்ணப் பாடமாகும். மலையடிவாரத்துக்கு இறங்கினாலோ, நம் முன்னோரின் பயிற்சிக்கூடமே காத்திருக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. ஆநிரை காத்துப் பட்ட வீரனை வில்லோடும் வாளோடும் சில வரைகளிற் கல்லிற் செதுக்கிய அக்கைகள் எவருடையவையென்று நாம் அறியோம். அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயிலின் மண்டப விதானத்தில் இராமாயண, பாரதக் காட்சிகள் வண்ணத்திலே தீட்டப்பட்டுள்ளன. அவற்றின்கீழ் அண்ணாந்து நின்று ஒரு நாள் முழுதும் எழுதிப் பழகும் பிள்ளைக்கு, தன் மாவட்டத்தில் ஓவியம் புதுவது அன்று என்னும் தெளிவு பிறக்கும். அத்தெளிவு தரும் துணிவு, ஆயிரம் பாராட்டுரைகளினும் பெரிது.

ஆதலின் நம்மால் இயல்வன சிலவற்றைக் கூறி முடிப்போம். முதலாவது, இவ்விதழில் முடிவுற்ற படங்களுக்கு இடமளிப்பதோடு, சித்திரம் பயிலும் மாணாக்கரின் பயிற்சியேட்டிலிருந்தும் ஆண்டுதோறும் சில பக்கங்களை, அழித்த கோடுகளோடே வெளியிடுதல் வேண்டும். அதனருகே அவர் கற்க விரும்புவதை நான்கு வரியில் எழுதட்டும். இரண்டாவது, நாட்டு நலப்பணிக்காக மலையூர்களுக்குச் செல்லும் நம் மாணாக்கர் மரம் நடுவதோடும் தெருவைத் துப்புரவு செய்வதோடும் நில்லாது, தாளும் பென்சிலும் கொண்டு சென்று, அங்குள்ள பிள்ளைகள் எழுதுவதை உடனிருந்து காணுதல் வேண்டும். மறு ஆண்டும் அவ்வூருக்கே சென்று, அதே பிள்ளைகளின் ஏட்டைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். ஒருமுறை சென்று படமெடுத்து மீள்வதாற் பயனில்லை. மூன்றாவது, கவின்கலைக் கல்லூரிகளைப் பற்றிய செய்தியையும், சேர்வதற்குரிய முறையையும் மலைப்பள்ளிகளின் ஆசிரியருக்கு எழுதி அறிவித்தல் நம் பழைய மாணாக்கர் சங்கத்துக்கு எளிய செயலே.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சில கட்டுத் தாள், சில மணி நேரம், பொறுமையுள்ள கண்கள் இவ்வளவே வேண்டும். சுவரிருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம் என்பது நம் பழமொழி. வத்தல்மலையிற் சுவருமுண்டு, எழுதும் கையுமுண்டு. காண்போர் மட்டுமே இன்னும் மலையேறவில்லை. அக்குறையை நீக்குதல் கல்வி பெற்ற நம் கடன். அக்கடனை இவ்வாண்டே செலுத்தத் தொடங்குவோமாக.